நாலு வயசுப் பிள்ளைகளுக்கு இராப்பிராணிகளை எப்படிச் சொல்லித் தர்றீங்க?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | திங்கள், இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில் தமிழ் மீடியம் பிரீ-பிரைமரி வகுப்பு எடுக்கிறேன். நாலு, அஞ்சு வயசுப் பிள்ளைகள். அடுத்த மாசம் ஒரு வாரம் முழுக்க "ராத்திரி முழிச்சிருக்கிற உயிர்கள்" என்று பாடம் வைத்திருக்கிறோம். நெட்டில் தேடினால் வர்க் ஷீட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எதைத் திறந்தாலும் அதே படங்கள்: ரக்கூன், ஸ்கங்க், ஹெட்ஜ்ஹாக், பனி ஆந்தை.

என் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் தென்னந்தோப்புக்குள்ளேயே குடியிருக்கிறவர்கள். ராத்திரி ஓட்டு மேல் எதுவோ தடதடவென்று ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறார்கள். அது என்ன பிராணி என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ரக்கூனுக்கு மட்டும் கலர் அடிக்க வேண்டுமாம். எனக்கு மனசே ஒப்பவில்லை.

நம்ம பக்கத்துப் பிராணிகளை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். ராத்திரி பிள்ளைகளை வெளியே கூட்டிப் போக முடியாது, வகுப்பு மூன்றரைக்கு முடிந்துவிடும். புரொஜெக்டர் கிடையாது. இன்னொன்று, சுவரில் ஆந்தைப் படம் ஒட்டியதற்கு ஒரு பாட்டி வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். இருட்டு என்று சொன்னாலே அழுகிற பிள்ளையும் ஒன்று இருக்கிறது.

---

வேலந்தாவளம் தோப்பு | திங்கள், இரவு 9.15

டீச்சர், பல்லியில இருந்து ஆரம்பிங்க. நெசமாத்தான் சொல்றேன். எந்த வீட்லயும் இருக்கு, ராத்திரிதான் வேலைக்கு வருது, காசு செலவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குத் திண்ணை டியூப் லைட்டு கிட்ட உக்காந்து பாக்கச் சொல்லி அப்பா அம்மாகிட்டச் சொல்லி விடுங்க.

நானும் எம் பேத்தியும் பாக்கறதைச் சொல்றேன். பல்லி லைட்டுக்கு நேரா வராதுங்க. வெளிச்சமும் நிழலும் சேர்ற ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும். ஈசல் வந்து உக்காந்ததும் ரெண்டடி நகரும், நிக்கும். வால் நுனி மட்டும் லேசா ஆடும். அப்புறம் ஒரே பாய்ச்சல். புடிச்சதும் அப்படியே முழுங்காது, சுவத்துல ரெண்டு தட்டுத் தட்டித்தான் முழுங்கும். கொஞ்ச நேரம் கழிச்சு நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைக்கும் பாருங்க, பேத்தி அதுக்காகவே காத்திருப்பா. அதுக்கு மூடித் திறக்கற இமை கிடையாது. அதனால நாக்காலேயே கண்ணைச் சுத்தம் பண்ணிக்குது. கண்ணாடி சன்னல்ல ஒட்டியிருந்தா உள்பக்கமிருந்து பாதத்தைப் பாக்கலாம், விரலுக்கு அடியில வரிவரியா இருக்கும். பகல்ல பாத்தா கண்ணுக்குள்ள பாப்பா சின்னக் கோடா இருக்கும். ராத்திரி அது அகலமா விரிஞ்சிருக்கும்.

ஓட்டு மேல ஓடறது அனேகமா மரநாய்தாங்க. கள்ளு எறக்கற ஊரு நம்மளுது, மரமேறிகிட்டக் கேட்டுப் பாருங்க. பானைக்குள்ள தலையை விட்டுக் கள்ளுக் குடிக்கற பிராணின்னா அதுதான். பகல் பூரா தென்னங்கொண்டைக்குள்ளயோ மச்சு மேலயோ சுருண்டு தூங்கிட்டு, இருட்டினதும் எறங்கும். பக்கத்துல போயிட்டுப் போச்சுன்னா பாசுமதிச் சோறு வெந்த மாதிரி ஒரு வாசனை அடிக்கும். எங்க வீட்ல வர்றதை நாங்க மூக்குலதான் கண்டுபுடிக்கறோம்.

கள்ளுக்காரர் யாராச்சும் ஒருத்தரை வகுப்புக்கே கூப்பிடுங்க. பிள்ளைகள்ல ஒருத்தரோட அப்பாவே இருப்பாரு.

---

மழலைக்கூடம் பொள்ளாச்சி | திங்கள், இரவு 9.32

மரநாய் படத்துக்குக் கீழே "மரப்பட்டி" என்று மலையாளப் பெயரும் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு பேசும்போது உதவும்.

---

இரண்டு பிள்ளைகளின் அம்மா | திங்கள், இரவு 10.05

எல்லாம் சரி, வௌவாலைப் பற்றி யோசித்தீர்களா? நாங்கள் மலப்புறம் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நிபா வைரஸ் காய்ச்சல் வந்த நாட்களில் பள்ளியை மூடி, எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். "வௌவால் நம்ம ஃபிரெண்டு" என்று ஸ்கூலில் சொல்லித் தந்து, பிள்ளை தோப்பில் போய்க் கையில் எடுத்துவிட்டால் யார் பொறுப்பு? எனக்கு அந்தப் பாடமே வேண்டாம் என்று தோன்றுகிறது.

---

நர்ஸ் அக்கா | செவ்வாய், காலை 6.20

நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை யாரும் தள்ளிவிட வேண்டாம். 2018-ல் கோழிக்கோடு, மலப்புறம் பக்கம் முதலில் வந்தது. அதற்குப் பிறகும் 2019, 2021, 2023, 2024 என்று கேரளத்தில் திரும்பத் திரும்பத் தலைகாட்டியிருக்கிறது. அந்த வைரஸ் இயற்கையாகத் தங்கியிருப்பது பழந்தின்னி வௌவாலிடம்தான். இவ்வளவு தெரிந்த ஊரில் வௌவாலைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டால், பிள்ளைக்கு எச்சரிக்கை சொல்ல யாருமே இல்லாமல் போய்விடுவார்கள். அதனால் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

நாலு வயசுக்கு ரெண்டே விஷயம் போதும். கீழே கிடக்கிற பழத்தில் பல் பட்ட அடையாளம் இருந்தால் தொடக் கூடாது, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். வௌவால் தரையில் விழுந்து கிடந்தால், உயிரோடிருந்தாலும் செத்திருந்தாலும், கிட்டப் போகக் கூடாது, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். கொய்யாப் படத்தில் ரெண்டு பல் தடம் வரைந்து, "இதைச் சாப்பிடலாமா?" என்று தினமும் கேளுங்கள். ஒரு வாரத்தில் தலைகீழ்ப் பாடமாகிவிடும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பயந்துபோய் வௌவால் தொங்குகிற மரத்தை வெட்டுவது, பட்டாசு வெடித்துக் கலைப்பது இரண்டும் வேண்டாம். கலைந்த கூட்டம் நாலு திசையில் போய் இறங்கும், அலைக்கழிகிற வௌவாலிடமிருந்து வைரஸ் வெளியேறுவதும் கூடலாம். வங்கதேசத்தில் வௌவால் வாய்வைத்த பச்சைப் பேரீச்சஞ்சாறு வழியாக நோய் பரவியிருக்கிறது. அதனால் கள்ளு, பதநீர்ப் பானைகளை மூடி வைப்பது நம்ம ஊருக்கும் நல்லது.

அதே வாரத்தில் அதன் நல்லதையும் சொல்லுங்கள். இலவ மரமும் இலுப்பை மரமும் ராத்திரி பூத்து வௌவாலுக்காகத்தான் காத்திருக்கின்றன. தேன் குடிக்க வருகிற வௌவால்தான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது. தலையணைக்குள் இருக்கிற இலவம்பஞ்சில் அதற்கும் பங்கு உண்டு. இது பிள்ளைகளுக்குப் புரியும், தொட்டுப் பார்க்கவும் முடியும்.

---

இரண்டு பிள்ளைகளின் அம்மா | செவ்வாய், காலை 7.02

பல் தடம் போட்ட கொய்யாப் படம் நல்ல யோசனை. வீட்டிலும் ஒன்று வரைந்து ஒட்டுகிறேன். நன்றி.

---

மழலைக்கூடம் பொள்ளாச்சி | செவ்வாய், மதியம் 1.15

வௌவாலுக்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. நம்ம கண்ணாமூச்சிதான், கொஞ்சம் மாற்றி ஆடணும். ஒரு பிள்ளைக்குக் கண்ணைக் கட்டுங்கள், அதுதான் வௌவால். நாலு பிள்ளைகள் பூச்சி. வௌவால் ஒரு தடவை கைதட்டினால் பூச்சிகள் உடனே ஒரு தடவை திருப்பித் தட்ட வேண்டும். சத்தம் வந்த திசையை வைத்தே வௌவால் பிடிக்க வேண்டும். மீதிப் பிள்ளைகள் கைகோத்துச் சுற்றி நிற்பது, யாரும் சுவரில் மோதாமல் இருக்க. பூச்சி பிடிக்கிற சின்ன வௌவால்கள் நம் காதுக்கு எட்டாத கீச்சுச் சத்தம் போட்டு, அது மோதித் திரும்பி வருவதைக் கேட்டு இரை பிடிப்பதை இதைவிட லேசாகச் சொல்ல முடியாது.

---

புளியரை வாத்தியார் | செவ்வாய், மாலை 6.50

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து, ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியன். மேலே சொன்ன விளையாட்டு நல்லது. ஆனால் கண்ணைக் கட்டி ஆடுவதால் "வௌவாலுக்குக் கண் தெரியாது" என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்ததும் அதைத் திருத்திவிட வேண்டும். எல்லா வௌவாலுக்கும் கண் உண்டு. பழந்தின்னிக்குப் பெரிய கண், பார்வையும் மோப்பமும் வைத்தே பழத்தைத் தேடிப் போகும். நம் ஊர்ப் பெரிய பழந்தின்னிகள் எதிரொலி முறையையே பயன்படுத்துவதில்லை.

அதேபோல "ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது" என்பதும் தவறு. புள்ளி ஆந்தை பகல் வெயிலில் பொந்து வாயில் உட்கார்ந்து குளிர் காய்வதைத் தோப்பு உள்ளவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். டீச்சர் சொன்ன வர்க் ஷீட்டில் இருக்கிற பனி ஆந்தை, சூரியன் மறையாத ஆர்க்டிக் கோடையில் பகலில்தான் வேட்டையாடுகிறது. அதை இராப்பிராணி என்று போட்டிருப்பதே பிழை.

ஆந்தைக்கு நான் செய்ய வைப்பது இது. பழைய நாளிதழைச் சுருட்டி இரண்டு குழல் செய்து, இரண்டு கண்ணிலும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். "இப்போ தலையைத் திருப்பாமல் பக்கத்துப் பையனைப் பார்" என்றால் முடியாது. ஆந்தையின் கண்ணும் அப்படித்தான் குழல் வடிவம், குழிக்குள் உருளாது. அதனால் கழுத்தைத் திருப்புகிறது, ஒரு பக்கமாக 270 பாகை வரை. நமக்குக் கழுத்தெலும்பு 7, அதற்கு 14. எண்ணிக்கையை விடுங்கள், பிள்ளைகள் குழலோடு தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதே விஷயம் உள்ளே போய்விடும்.

அடுத்து நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சிறு பிள்ளைகளை இருட்டுக்குள் கூட்டிப் போகத் தேவையே இல்லை. இரவில் நடந்ததெல்லாம் விடியும்போது தடமாக நம் முற்றத்தில் கிடக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். மணல் தட்டு வையுங்கள்.

சலித்த ஆற்று மணலோ நைஸான செம்மண் தூளோ எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி மாவு வேண்டாம், எறும்பு தின்றுவிடும். பள்ளிக் கூரைக்குக் கீழே, மழைச் சாரல் படாத இடத்தில், சுவரோரமாக ஒரு முழ அகலம் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, மட்டப்பலகையால் இழுத்து விடுங்கள். சுவரோரம் என்பது முக்கியம், எலியும் மரநாயும் நடு முற்றத்தில் நடக்கப் பிரியப்படாது. பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது அவர்கள் கையாலேயே சமன்செய்ய வையுங்கள். காலையில் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான், பெருக்குகிற அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். தீனி எதுவும் வைக்காதீர்கள். வைத்தால் எலியும் தெருநாயும்தான் சேரும்.

பூனைக்கு நாலு விரல், நகம் தெரியாது. நாய்க்கும் நாலு விரல், நகம் பதிந்திருக்கும். மரநாய்க்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து விரல். பெருச்சாளிக்கு முன்கால் பதிவில் நாலு, பின்கால் பதிவில் ஐந்து. தேரை போயிருந்தால் நடுவில் வயிறு இழுத்த தடம் தெரியும். பிள்ளைகள் விரலை எண்ணுவார்கள், சண்டை போடுவார்கள், மறுபடி எண்ணுவார்கள். ஐந்து வரை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கணக்குப் பாடம் எனக்குத் தெரியாது.

---

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | செவ்வாய், இரவு 8.10

வாத்தியார் ஐயா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் பின்பக்கச் சுவரோரம் ஓடு நன்றாக நீட்டியிருக்கிறது, பக்கத்திலேயே வாழைக் கூட்டம். அங்கேயே வைக்கிறேன்.

தோப்பு அண்ணா, தென்னையில் வேறு தடம் ஏதாவது காட்ட முடியுமா?

---

வேலந்தாவளம் தோப்பு | செவ்வாய், இரவு 8.44

காட்டலாமே. கத்திரிக்கோலால விசிறி மாதிரி வெட்டி விட்டாப்ல இருக்கற தென்னை ஓலை பாத்திருப்பீங்க. அது காண்டாமிருக வண்டோட வேலை, இங்க கொம்பன் செல்லின்னு சொல்வாங்க. ராத்திரி வந்து குருத்துக்குள்ள துளை போட்டு நுழைஞ்சு கடிக்கும். குருத்து விரியறப்பத்தான் வெட்டு வெளிய தெரியும். அதோட புழு எருக்குழியில வெள்ளையா, தடியா, சுருண்டு கெடக்கும். எருவைக் கிளறும்போது பிள்ளைகளுக்குக் காட்டலாம். நமக்கு அது பகையாளிதான், ஆனா அந்த ஓலை ஒண்ணைக் கொண்டுபோய் வகுப்புல தொங்கவிட்டா, ராத்திரி ஒருத்தன் வந்துட்டுப் போயிருக்கான்னு பிள்ளைக புரிஞ்சுக்கும்.

குரும்பையில ஓட்டை போட்டு விழுந்து கெடந்தா அது எலி. அதையும் ஒண்ணு எடுத்து வைங்க.

---

லயத்து வீடு, வால்பாறை | செவ்வாய், இரவு 10.30

எல்லாரும் ஆசையா எழுதியிருக்கீங்க, படிக்க நல்லாருக்கு. எங்க நிலைமை வேற. எங்க பிள்ளைகளுக்கு ராத்திரிப் பிராணின்னா யானையும் சிறுத்தையும்தான். ரேஷன் அரிசிக்காக யானை கதவை ஒடைச்ச வீடு எங்க லைன்லயே இருக்கு. சிறுத்தை பிள்ளையைத் தூக்கின சேதி எங்க மலையில கதை கிடையாது. அதனால எங்க பால்வாடியில வந்து "இருட்டுல பயப்படாதே, எல்லாம் அழகு"ன்னு யாராச்சும் சொன்னா நான் சம்மதிக்க மாட்டேன். இருட்டினதும் வாசல்ல கூட பிள்ளை தனியா நிக்கக் கூடாது. தேயிலைக்காட்டு ஓரம் குத்த வைக்கக் கூடாது. ராத்திரி ஒண்ணுக்குப் போகணும்னா பெரியவங்களை எழுப்பணும். இதுதான் எங்க முதல் பாடம்.

ஆனா பயம் மட்டும் போதும்னு நான் சொல்லலை. எங்க பக்கம் யானை கிட்ட இருந்தா மொபைலுக்குத் தகவல் வரும், மேட்டுல சிவப்பு விளக்கு எரியும். எம் பையனுக்கு மூணரை வயசுலயே அந்த விளக்கு தெரியும். "அம்மா, இன்னைக்கு யானை முறை, நாம உள்ள"ன்னு சொல்லுவான். யானை கெட்டதுன்னு அவன் நினைக்கலை. அதுக்கு ஒரு நேரம், நமக்கு ஒரு நேரம்னு நினைக்கிறான். இதை எப்படிப் பாடத்துல சேர்க்கிறதுன்னு டீச்சருங்கதான் சொல்லணும்.

---

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | புதன், காலை 6.35

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் பையன் சொன்னதையே பாடமாக வைக்கலாம். தரையில் ஒரு வட்டம் வரைந்து பாதி கறுப்பு, பாதி மஞ்சள் அடித்து, மஞ்சளில் பிள்ளைகள், கறுப்பில் அட்டை யானை. நான் சிவப்புத் துணியைத் தூக்கினால் பிள்ளைகள் எல்லாரும் "வீட்டுக்கு" ஓட வேண்டும். எங்கள் ஊரில் யானை இல்லை, காட்டுப்பன்றி உண்டு. அதற்கும் இது பொருந்தும்.

இருட்டுக்கு அழுகிற பிள்ளையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

நர்ஸ் அக்கா | புதன், காலை 7.10

அந்த வயசில் இருட்டுப் பயம் வருவது சகஜம். கற்பனை வளர்கிற வயசு, கொடியில் தொங்குகிற சட்டைகூட ஆளாகத் தெரியும். கேலி செய்வதும், "பூச்சாண்டி பிடிச்சுப்பான்" என்று மிரட்டிச் சோறு ஊட்டுவதும்தான் அதை வளர்க்கின்றன. பெற்றோரிடம் இதை நேராகச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளையை இருட்டுக்குள் தள்ளாதீர்கள். இருட்டை அவள் கையில் கொடுங்கள். ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் கறுப்புத் துணி போட்டு, அவளே கைவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று தடவிச் சொல்லட்டும்: தேங்காய்ச் சிரட்டை, கோழி இறகு, புளியங்கொட்டை. பார்க்காமலேயே தெரிந்துகொள்ள முடிகிறது என்ற தைரியம் முதலில் வர வேண்டும். டார்ச்சும் அவள் கையிலேயே இருக்கட்டும், எப்போது அணைப்பது என்று அவளே முடிவு செய்யட்டும்.

வீட்டில் திண்ணையை விட்டு இறங்கிப் பார்க்கப் போகிற குடும்பங்களுக்கு: செருப்பும் டார்ச்சும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. கட்டுவிரியன் ராத்திரிதான் நடமாடும். அது கடித்தால் பல நேரம் வலியே தெரியாது, அதனால்தான் அதிக ஆபத்து. தரையில் படுப்பவர்கள் கொசுவலையை விரிப்புக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள்.

---

குமுளி ரோஜா | புதன், மாலை 5.20

டார்ச் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. டார்ச்சைக் கையில் தாழ்வாகப் பிடிக்காமல், கண்ணுக்குப் பக்கத்தில் நெற்றியோரம் வைத்துப் புல்தரையைப் பாருங்கள். பனித்துளி மாதிரி பச்சையாகச் சின்னச் சின்ன மினுக்கம் தெரியும். கிட்டப் போனால் ஒவ்வொன்றும் ஓநாய்ச் சிலந்தி. கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருப்பதால் வெளிச்சம் திரும்பி வருகிறது. பூனை, மாடு, மரநாய்க்கும் அதுபோல உண்டு, நமக்கு இல்லை. வீட்டு மாட்டின் கண்ணில் காட்டிவிட்டு, பிறகு அப்பாவின் கண்ணில் பாருங்கள் என்று சொன்னால் பிள்ளைகளே வித்தியாசம் சொல்லிவிடுவார்கள். மிருகங்கள் கண்ணில் நெடுநேரம் அடிக்கக் கூடாது. டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டினால் அவற்றுக்கும் தொந்தரவு குறையும், நம் கண்ணும் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும். கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும்.

இடுக்கிப் பிள்ளைகளுக்கு நான் ஊதாத் தவளையைத்தான் சொல்வேன். 2003-ல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். வருஷம் முழுக்க மண்ணுக்கடியில் கரையான் தின்றுகொண்டு கிடந்து, மழை தொடங்கும்போது இணை தேடச் சில நாட்கள் மட்டும் மேலே வரும். கொழுக்கட்டை மாதிரி உடம்பு, கூரான சின்ன மூக்கு. மாவுருண்டையில் எந்தப் பிள்ளையும் செய்துவிடும்.

---

வனக்காவலர் மகள் | புதன், இரவு 9.05

ஒரு வேண்டுகோள். "பிள்ளைகளுக்குக் காட்டலாம்" என்று யாராவது தேவாங்கையோ எறும்புத்தின்னியையோ கொண்டுவந்தால் வாங்கிவிடாதீர்கள். இரண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். உடனே வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். அதேபோல போனில் ஆந்தைச் சத்தத்தை ஓடவிட்டு வரவழைக்காதீர்கள். இன்னொரு ஆந்தை எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து அது வேட்டையை விட்டுவிட்டு அலையும்.

தேவாங்கைப் படத்தில் காட்டினாலே பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும். குரங்குக்குத் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் தாவாது. ஒரு கையும் ஒரு காலுமாகக் கிளையைப் பிடித்துப் பிடித்து மெதுவாக நடக்கும், பூச்சி கிட்ட வந்ததும் கை மட்டும் மின்னலாகப் போகும். தன் மூத்திரத்தையே கை காலில் பூசிக்கொள்ளும். இதைச் சொன்னால் வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிஷமாகும், அப்புறம் அந்தப் பிராணியை மறக்கவே மாட்டார்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் இதற்கென்றே 2022-ல் கடவூர் தேவாங்குச் சரணாலயம் அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது.

எறும்புத்தின்னிக்குப் பல் கிடையாது, நீளமான ஒட்டும் நாக்குதான். குட்டி அம்மாவின் வால் மேல் ஏறிப் பயணம் செய்யும். முள்ளம்பன்றி முள்ளை எய்யும் என்று மட்டும் சொல்லித் தராதீர்கள். அது எய்யாது. பின்பக்கமாக வந்து மோதும், முள் குத்திக்கொண்டு கழன்றுவிடும்.

2022-ல் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி சரகத்தில் மின்மினிகள் காடு முழுக்க ஒரே தாளத்தில் மின்னுவதைப் பதிவு செய்தார்கள். அது நம் எல்லைக் காடுதான், பறம்பிக்குளத்துக்கு ஒட்டியது. வீட்டுப் பக்கம் மின்மினி பார்க்க வேண்டுமானால் வாசல் விளக்கை ஒரு மணி நேரம் அணைத்துப் பாருங்கள். அவை ஜோடியை வெளிச்சத்தில் கூப்பிடுகின்றன, நம் எல்இடி வெளிச்சத்தில் அந்தக் கூப்பாடு தெரியாமல் போகிறது.

---

மழலைக்கூடம் பொள்ளாச்சி | வியாழன், காலை 11.40

முயல், மான் எல்லாம் விடியலிலும் அந்தியிலும்தானே நடமாடும்? இராப்பிராணி, பகல் பிராணி என்று இரண்டே கூடையில் போட்டுப் பழக்கினால் தப்பில்லையா?

---

புளியரை வாத்தியார் | வியாழன், மாலை 7.15

நாலு வயசுக்கு இரண்டு கூடை போதும். இரண்டாம் வகுப்பில் மூன்றாவது கூடை வையுங்கள். ஆனால் முயல் படத்தை இப்போதே பகல் கூடையில் போட்டுவிடாதீர்கள், அந்தப் படத்தையே இப்போதைக்குத் தவிர்த்துவிடலாம்.

டீச்சர் ஆரம்பத்தில் சொன்ன பாட்டி விஷயத்தை எல்லாரும் விட்டுவிட்டோம். அவரிடம் "இது மூடநம்பிக்கை" என்று சொல்லி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அந்தத் தலைமுறை கரண்ட் இல்லாத காலத்தில் ராத்திரிச் சத்தங்களோடு வாழ்ந்தது. பக்கிக் குருவி எப்படிக் கூப்பிடும், கூகை எப்படிக் கத்தும், நரி எந்தத் திசையில் ஊளையிடும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. வகுப்புக்கு அழைத்து அந்தச் சத்தங்களை எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். நெல் வயல் எலியைக் கூகை எப்படித் தூக்கும் என்று கேளுங்கள், பாலக்காட்டு வயல்காரக் குடும்பம் என்றால் நிச்சயம் பார்த்திருப்பார். கூகையின் இறகு ஓரம் சீப்புப் பல் மாதிரி இருப்பதால் பறக்கும்போது சத்தமே வராது, அதனால் எலிக்கு அது வருவது கேட்காது. இதை நீங்கள் சொல்லுங்கள். எலி பிடித்த கதையை அவர் சொல்லட்டும். சாவுக் குருவி என்ற பேச்சு வந்தால், "நாங்க ஸ்கூல்ல அதை எலி பிடிக்கிற பறவைன்னு சொல்றோம் பாட்டி" என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

---

லயத்து வீடு, வால்பாறை | வியாழன், இரவு 9.50

வாத்தியார் சொன்ன மாதிரி எங்க லயத்துக்குள்ளயே ஜன்னலைச் சாத்திட்டுச் சத்தம் கேக்கற விளையாட்டு ஆடினோம். சுவர்க்கோழி கத்தறது ஆம்பளை மட்டும்தான், றெக்கையைத் தேய்ச்சுக் கத்துது, அதுக்குக் காது முன்னங்கால்ல முட்டிக்குக் கீழ இருக்குன்னு எங்க பால்வாடி டீச்சர் சொன்னாங்க. பையன் இப்ப யாரு கூப்பிட்டாலும் முழங்காலைத் தூக்கிக் காட்டிக்கிட்டு இருக்கான்.

---

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | சனி, காலை 10.20

மணல் தட்டு வைத்துவிட்டோம். பிள்ளைகள் வருவதற்கு முன் நான் போய்ப் பார்த்தேன், வெள்ளிக்கிழமை காலை தடம் விழுந்திருந்தது. சுவரோரமாக ஒரே வரிசையில் போய் வாழைப் பக்கம் திரும்புகிறது. பின்னால் விழுந்த பதிவில் ஐந்து விரல் தெளிவாகத் தெரிகிறது. முன் பதிவு மேல் பின்கால் மிதித்திருப்பதால் குழப்பம். பிள்ளைகள் மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்: பூனை, எலி, "பேய்". ஐயா, எப்படி முடிவு செய்வது?

---

புளியரை வாத்தியார் | சனி, காலை 11.05

ஒன்றின் மேல் ஒன்று விழாத முன்கால் பதிவு ஒன்றையாவது தேடுங்கள். வேகம் குறைகிற இடத்தில், திருப்பத்தில் கிடைக்கும். அதில் நாலு விரல் என்றால் பெருச்சாளி, ஐந்து என்றால் மரநாய். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். பெருச்சாளிக்கு வளை இருக்கும், சுவர் அடியில் புது மண் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். வாழையில் தார் பழுத்திருக்கிறதா?

---

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | சனி, மதியம் 12.30

வளை எதுவும் இல்லை. தார் பழுத்திருக்கிறது, மேல் சீப்பில் நாலு பழம் காலி, தோல் கீழே கிடக்கிறது. பல் பட்ட தோல் என்பதால் நானே மண்வெட்டியால் எடுத்துப் புதைத்துவிட்டேன். திருப்பத்தில் ஒரு முன்கால் பதிவு சுத்தமாக இருக்கிறது, அதன் மேல் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். விரலை நான் எண்ணவில்லை. திங்கட்கிழமை பிள்ளைகள் எண்ணட்டும், மரமேறி அண்ணனும் அன்றைக்குத்தான் வருகிறார்.